வானத்தில் ஒரு மணி, தரையில் நாற்பத்தொரு மணி

பசறைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் வாழும் முதியவர்களிடம் சென்று, "இந்தியா இங்கிருந்து எவ்வளவு தூரம்?" என்று கேட்டுப் பாருங்கள். மைல் கணக்கில் விடை வராது. "எங்கள் பாட்டன் வந்தபோது ஒன்றரை மாதம், அப்பன் காலத்தில் நாலைந்து நாள், இப்போது கையில் காசிருந்தால் ஒரு பொழுது, இல்லாவிட்டால் ஆயுசு முழுவதும்" என்பார்கள். தூரத்தை நாளால் அளப்பது படியாதவர் வழக்கம் என்று இளமையில் நானும் எண்ணியதுண்டு. பின்னர் முப்பத்திரண்டு வருட காலம் தோட்டப் பாடசாலைகளில் பூமிசாஸ்திரம் கற்பித்து ஓய்வு பெற்றேன். இப்போது கேட்டால், அந்த முதியவர்களின் கணக்கே சரியான கணக்கு என்பேன்.

ஆகாய விமானக் கணக்கு வேறு விதமானது. கைத்தொலைபேசியில் இரண்டு விமான நிலையங்களின் பெயரைத் தட்டினால் போதும். இடைத்தூரமும் பிரயாண நேரமும் கண்ணிமைப்பதற்குள் வந்து நிற்கும். கட்டுநாயக்காவுக்கும் திருச்சிராப்பள்ளிக்கும் இடையே சுமார் 417 கிலோமீற்றர், அஃதாவது ஏறக்குறைய 260 மைல். பிரயாண நேரம் ஒரு மணி. இலங்கைக் கடிகாரமும் இந்தியக் கடிகாரமும் 2006ஆம் வருடம் முதல் மீண்டும் ஒன்றாகிவிட்டபடியால், கைக்கடிகாரத்தைத் திருகும் சிரமமும் இல்லை.

இந்த 417 எங்கிருந்து வந்தது என்று கேட்கும் பிள்ளைகளுக்கு நான் செய்து காட்டும் வித்தை ஒன்று உண்டு. எங்கள் பாடசாலையில் ஓர் உலக உருண்டை இருந்தது. பூமத்திய ரேகையில் கீறல் விழுந்து, ஆபிரிக்காவின் மேல் ஒட்டுத்தாள் ஒட்டிய பழைய உருண்டை. ஒரு நூலை எடுத்து, ஒரு நுனியை ஓர் ஊரின் மேலும் மறு நுனியை மற்றோர் ஊரின் மேலும் வைத்து இறுக்கிப் பிடித்தால், நூல் தானாகவே மிகக் குறுகிய வழியில் போய் நிற்கும். உருண்டையின் மையத்தையே தன் மையமாகக் கொண்ட பெரிய வட்டத்தின் ஒரு துண்டு அது. ஆகாயத் தூரம் என்று அட்டவணையில் அச்சிடுவதெல்லாம் இந்த நூலின் நீளந்தான். கொழும்பிலிருந்து லண்டனுக்கு எங்கள் உருண்டையில் நூல் ஏறக்குறைய ஒரு சாண் வந்தது. உண்மையில் அது 8,700 கிலோமீற்றர். திருச்சிக்கு அளந்தபோது ஒரு விரல்நகத்தின் அகலமே வந்தது. "இவ்வளவுதானா சேர்?" என்று ஒரு சிறுமி கேட்டாள். அவளுடைய பெரியப்பா குடும்பம் அப்போது கூடலூரில் இருந்தது.

நேரக் கணக்கிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஜெட் விமானம் உயரத்தில் மணிக்கு 800 கிலோமீற்றருக்கு மேல் பறக்க வல்லது. அப்படியானால் 417 கிலோமீற்றருக்கு அரை மணி போதாதா? போதாது. அட்டவணையில் காணும் நேரம், விமானம் தரித்து நிற்கும் இடத்தை விட்டு அசைந்த கணத்திலிருந்து, மறுமுனையில் அசைவற்று நிற்கும் கணம் வரையிலானது. ஓடுபாதையை நோக்கி உருண்டு செல்லவேண்டும், முறை வரும்வரை காத்திருக்கவேண்டும், ஏறவேண்டும், ஏறி முடிந்ததோ இல்லையோ இறங்கத் தொடங்கவேண்டும். லண்டனுக்குப் போகும் விமானம் பதினொரு மணி நேரத்தில் மணிக்கு 800 வீதம் கணக்குத் தீர்க்கிறது. திருச்சிக்குப் போகும் விமானமோ 400ஐத் தாண்டுவதே அரிது. குறுந்தூரத்தில் விமானம் ஒரு நொண்டிக் குதிரை என்று சொல்லலாம்.

இவ்வளவும் ஓடுபாதைக்கும் ஓடுபாதைக்கும் இடையிலான விவகாரம். ஆனால் ஓடுபாதையில் எவரும் குடியிருப்பதில்லை. என் அக்காள் கோத்தகிரியில் இருந்தாள். நான் பசறையில் இருந்தேன்.

அக்காள் ஏன் கோத்தகிரியில் இருந்தாள் என்பதை இளந்தலைமுறைக்குச் சற்று விளக்கவேண்டும். 1948ஆம் வருடத்துப் பிரஜாவுரிமைச் சட்டத்தால் எங்கள் மக்களிற் பெரும்பாலோர் நாடற்றவரானார்கள். 1964 ஒக்டோபர் 30ஆந் தேதி சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் கைச்சாத்திட்ட ஒப்பந்தத்தில் 9,75,000 பேருடைய தலைகள் எண்ணப்பட்டன. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கிடப்பட்டது. எஞ்சிய ஒன்றரை லட்சம் பேரை 1974இல் பாதிக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். எங்கள் வீட்டில் அப்பா இலங்கைக்கு மனுப் போட்டார். அக்காளைக் கட்டிக்கொடுத்த வீட்டில் இந்தியாவுக்கு மனுப் போட்டார்கள். இரண்டு குடும்பமும் ஒரே லயத்தில், நடுவே மூன்று காம்பரா தள்ளித்தான் இருந்தன. இந்த மூன்று காம்பராவின் இடைவெளியை எந்த நூலாலும் அளக்கமுடியவில்லை.

1972ஆம் வருடம் அவர்கள் புறப்பட்டார்கள். பதுளை ஸ்டேஷனில் கோச்சி ஏறி, பொல்காவலையில் மாறி, தலைமன்னார் போய், கப்பல் ஏறி இராமேஸ்வரத்தில் இறங்குவது அக்காலத்து வழி. தனுஷ்கோடித் துறை 1964 டிசம்பர் புயலில் கடல்கொண்டு போயிற்று. அதன்பின் இராமேஸ்வரமே இறங்குதுறை. அந்த வண்டிக்கு மலைநாட்டு மக்கள் ஒப்பாரிக் கோச்சி என்று பெயரிட்டிருந்தார்கள். பெயர் பொருத்தமா என்று ஐயுறுபவர்கள் அந்நாளில் பதுளை மேடையில் ஒரு முறை நின்றிருக்கவேண்டும். ஜன்னலுக்குள் நீட்டிய கைகளை விடுவிக்கவே ஸ்டேஷன் ஊழியர்களுக்குக் கால் மணி நேரம் பிடித்தது. அம்மா மட்டும் அழவில்லை. "போய்ச் சேர்ந்ததும் காயிதம் போடு" என்று ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். அக்காளுக்கு அப்போது இருபத்தாறு வயது. இடுப்பில் ஒரு குழந்தை, பயணப்பெட்டிக்குள் ஓர் அம்மிக் குழவி. அம்மியைத் தூக்கமுடியாதென்று அத்தான் தடுத்துவிட்டார். குழவியையாவது கொண்டுபோவேன் என்று பிடிவாதம் செய்து எடுத்துப் போனாள்.

கடிதம் இருபத்தாறு நாட்களுக்குப் பின் வந்தது. பசறையிலிருந்து கோத்தகிரி போய்ச்சேர அவர்களுக்குப் பதினேழு நாட்கள் சென்றிருந்தன. அதில் பெரும்பகுதி மண்டபம் முகாமில் குடும்ப அட்டைக்காகவும், எந்த ஊருக்கு அனுப்புவார்கள் என்ற தகவலுக்காகவும் காத்திருந்த நாட்கள். நீலகிரியில் தமிழ்நாட்டு அரசு 1968 முதல் தாயகம் திரும்பியோருக்காகத் தேயிலைத் தோட்டங்கள் அமைத்து வந்தது. பிற்காலத்தில் டான்டீ என்று பெயர் பெற்றவை அவையே. கொழுந்து கிள்ளும் கை, கொழுந்துக்கே போய்ச் சேர்ந்தது. "இங்கேயும் மலை, இங்கேயும் குளிர், ஆனால் நமுனுகுல மலையைக் காணோம்" என்று எழுதியிருந்தாள்.

அந்த 1972ஆம் வருடத்திலும் இரு நாடுகளுக்கு இடையே விமானம் இருந்தது. அதற்கு வெகு முன்பாக, 1947 டிசம்பர் 10ஆந் தேதியே எயார் சிலோன் விமானம் இரத்மலானையில் கிளம்பி, காங்கேசன்துறையில் இறங்கி, சென்னைக்குப் பறந்திருக்கிறது. அஃதாவது பிரஜாவுரிமைச் சட்டம் வருவதற்கு முன்பே வானம் திறந்துவிட்டது. அந்த வானம் தோட்டத்து மக்களுக்கு உரியதல்ல என்பதை எவரும் எங்களுக்குச் சொல்லவேண்டியிருக்கவில்லை. மலைக்கு மேலே எப்போதாவது விமானச் சத்தம் கேட்டால் கொழுந்துக் கூடையோடு நிமிர்ந்து பார்ப்போம். கணக்கப்பிள்ளையும் நிமிர்ந்து பார்த்துவிட்டுப் பிறகுதான் அதட்டுவார்.

1979இல் அம்மா காலமானாள். காலை பிரட்டுக் களத்துக்குப் புறப்பட்டவர்கள் திரும்பி வந்து பந்தல் போட்டார்கள். நான் பசறைக்கு ஓடித் தந்தி கொடுத்தேன். தந்தி கோத்தகிரியைச் சேர்ந்தது மூன்றாம் நாள் மாலையில். அம்மாவை அடக்கம் செய்து அப்போது இரண்டு நாட்கள் கழிந்திருந்தன. சேர்ந்திருந்தாலும் என்ன? அக்காளிடம் பாஸ்போர்ட் கிடையாது. அதற்கு மனுப் போடவேண்டும், பிறகு இலங்கைக்குள் வர அனுமதி வாங்கவேண்டும். ஐந்து வருடங்களுக்குப் பின், 1984இல், தலைமன்னார்க் கப்பலும் யுத்தத்தால் நின்றுபோயிற்று.

இதற்கு எதிராக ஒரு நிகழ்ச்சியைச் சொல்லாமல் இருக்க மனம் வரவில்லை. எங்கள் தோட்டத்து முன்னாள் உத்தியோகஸ்தர் ஒருவருடைய மகன் லண்டனில் இருந்தான். 2009ஆம் வருடம் தகப்பனார் இறந்தபோது அவன் மறுநாள் இரவே வந்து இறங்கி, மூன்றாம் நாள் காலை கொள்ளி வைத்தான். ஒரு சாண் நூல் ஒன்றரை நாளில் சுருண்டுவிட்டது. விரல்நகத்து அகலம் என் அக்காளுக்கு முப்பது வருடமாகவும் சுருங்கவில்லை. அந்தப் பையன்மேல் எனக்கு வருத்தம் இல்லை, நல்ல பிள்ளை. கணக்கைத்தான் சொல்கிறேன்.

பிறகு காலம் மாறியது. 2003ஆம் வருடத்துச் சட்டத்தால் இங்கே எஞ்சியிருந்த நாடற்றவர்களுக்குப் பிரஜாவுரிமை கிடைத்தது. யுத்தம் 2009இல் முடிந்தது. நான் 2014இல், ஓய்வூதியத்தில் மிச்சம் பிடித்து, பாஸ்போர்ட் எடுத்து வைத்தேன். அடுத்த வருடம் இந்தியா இலங்கையருக்குக் கணினி வழியாகவே விசா கொடுக்கத் தொடங்கியது. திருச்சி விமான நிலையமும் அந்த வசதிக்குள் வந்தது. இனிச் சௌகரியமாக ஒரு தை மாதம் போகலாம் என்றிருந்த சமயத்தில், 2016 ஜனவரி இறுதியில், அக்காள் மகள் கோத்தகிரியிலிருந்து தொலைபேசியில் அழைத்தாள். "மாமா, அம்மாவுக்கு நெஞ்சுவலி. ஆஸ்பத்திரியில் வைத்திருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். உங்களைப் பார்க்கவேண்டும் என்கிறார்கள். விமானத்தில் ஒரு மணி நேரந்தானாமே? தம்பி நாளைக்கே வந்துவிடுவானா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்."

விசா வருவதற்கு நான்கு நாட்கள் சென்றன. அதை நான் பிரயாணக் கணக்கில் சேர்க்கவில்லை.

ஐந்தாம் நாள் பிற்பகல் மூன்று மணிக்கு லயத்து வாசலில் இறங்கினேன். தோட்டத்து ரோட்டிலிருந்து பசறைக்கு ஆட்டோ. பசறையிலிருந்து பதுளைக்கு பஸ். மாலையில் இரவுத் தபால் வண்டி. வாசகர்களில் பதுளைக் கோச்சியில் இரவுப் பிரயாணம் செய்தவர்களுக்கு நான் ஒன்றும் சொல்லவேண்டியதில்லை. பதுளையிலிருந்து கட்டுநாயக்காவுக்கு நூல் பிடித்தால் 130 கிலோமீற்றர் சொச்சந்தான் வரும். ஆனால் 1924இல் பதுளைக்கு வந்துசேர்ந்த நம்முடைய இரும்புப் பாதை, கோட்டை ஸ்டேஷனுக்கு 292 கிலோமீற்றர் போகிறது. தெமோதரையில் அது செய்யும் வேடிக்கையை அறிந்தவர்கள் அறிவார்கள்: பதுளையிலிருந்து போகும் வண்டி முதலில் ஸ்டேஷனுக்குக் கீழேயுள்ள சுரங்கத்துக்குள் நுழைந்து, மலையை ஒரு சுற்றுச் சுற்றி ஏறி, சற்று முன் நுழைந்த சுரங்கத்தின் தலைமேலேயே வந்து நிற்கும். ஆகாயக் கணக்கில் அந்த முழு வட்டத்துக்கும் தூரம் பூஜ்யம். வண்டியில் உட்கார்ந்திருப்பவனுக்கு அப்படியல்ல. எல்ல, பண்டாரவளை, தியத்தலாவை, ஹப்புத்தளை என்று ஏறி, பட்டிப்பொலையில் ஆறாயிரம் அடிக்கு மேல் நடுங்கி, பிறகு விடியும்வரை இறங்கிக்கொண்டே இருந்தோம். பக்கத்தில் இருந்த சிங்கள மூதாட்டி ஒருத்தி, நான் எங்கே போகிறேன் என்று கேட்டறிந்து, தன் தேநீர்ப் போத்தலில் பாதியை எனக்கு ஊற்றித் தந்தாள். "அக்கே பலன்ன யனவா," அக்காளைப் பார்க்கப் போகிறார் என்று எதிரே இருந்தவர்களுக்கும் அறிவித்தாள். பொழுது விடியும்போது அந்தப் பெட்டியில் என் அக்காளின் வியாதியை அறியாதவர் ஒருவரும் இல்லை.

கோட்டையில் இறங்கி, நீர்கொழும்புப் பாதையில் பஸ் பிடித்து, கட்டுநாயக்காவை அடைந்தபோது காலை எட்டு மணி. விமானம் பிற்பகல் இரண்டு மணிக்கு. கோச்சி தாமதித்தால் என்ன செய்வதென்று அஞ்சி அந்த விமானத்தையே தெரிந்திருந்தேன். ("மத்தள விமான நிலையம் ஊவாவுக்குக் கிட்டத்தானே?" என்று சிலர் கேட்டார்கள். 2013இல் அது திறக்கப்பட்டது உண்மையே. என் காரியத்துக்கு உதவும் விமானம் அந்தச் சமயத்தில் அங்கிருந்து புறப்படவில்லை.) ஒரு மணி நேரப் பிரயாணத்துக்கு ஆறு மணி நேரம் பிளாஸ்டிக் நாற்காலியில் காத்திருந்தேன். சுற்றிலும் வளைகுடா நாடுகளுக்குப் போகும் பெண்கள். அவர்களிற் சிலர் லுணுகலை, பசறைப் பக்கத்துப் பிள்ளைகள் என்பது பேச்சிலிருந்தே தெரிந்தது. ஒருத்தி தன் குழந்தையோடு தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தாள்: "அம்மா கிட்டத்தான் கண்ணு, ஏரோப்ளேனில் அஞ்சு மணி நேரந்தான்." இரண்டு வருடத்து ஒப்பந்தத்தில் போகிறாள்.

விமானத்தில் எனக்கு வலப்பக்கத்து ஜன்னல் கிடைத்தது. இந்தப் பிரயாணத்தில் நான் ஆவலோடு எதிர்பார்த்த ஒரு விஷயம் இருந்தது. பூமிசாஸ்திர ஆசிரியனுக்கு அக்காளின் நெஞ்சுவலி நேரத்திலும் அந்தச் சபலம் போகாது. தேசப்படத்தில் கட்டுநாயக்காவிலிருந்து திருச்சிக்கு நேர்கோடு இழுத்துப் பார்த்தால், அந்தக் கோடு வேறெங்கும் போகாமல், பாம்பன் மண்டபம் பக்கத்தின் தலைமேலாகவே செல்லும். அந்தக் கோட்டின் முதற்பாதியில் கடல். புறப்பட்டு அரை மணி ஆகியிருக்கும். பால்வெள்ளை மணல்திட்டுகள் கடலுக்குள் வரிசையாகக் கிடந்தன. அப்பால் ஒரு தீவு. தீவையும் கரையையும் தொடுத்து நூலிழை போல இரண்டு கோடுகள். ஒன்று 1914ஆம் வருடத்துப் பாம்பன் புகையிரதப் பாலம். மற்றது 1988இல் திறந்த தெருப் பாலம்.

என் பாட்டனார் திருச்சி ஜில்லாவிலிருந்து அந்தக் கரைக்கு நடந்தே வந்தவர். அவர் வந்த நாளில் பாலமும் இல்லை, புகையிரதக் கப்பலும் இல்லை. தோணியில் மன்னாரில் இறங்கி, கங்காணியின் பின்னே காட்டுப் பாதையில் மாத்தளை வரை நடந்து, அங்கிருந்து மலையேறியவர்கள் அவர்கள். வழியில் பேதியிலும் காய்ச்சலிலும் விழுந்தவர்களை அப்படியே விட்டுவிட்டு மற்றவர்கள் நடந்தார்கள். அவருடைய தமையனார் மாத்தளைக்கு வந்துசேரவில்லை என்ற செய்தி மட்டுமே எங்கள் குடும்பத்தில் எஞ்சியிருக்கிறது. எந்த மைலில் விழுந்தார் என்பது தெரியாது. அடுத்த தலைமுறையில் அப்பா மண்டபம் முகாமில் தடுப்பூசி குத்திக்கொண்டு கப்பலேறி வந்தார். அதே மண்டபம் முகாமில்தான் அக்காள் கையில் குடும்ப அட்டையோடு எதிர்த்திசையில் இறங்கினாள். மூன்று தலைமுறையின் வழியும் என் ஜன்னலுக்குக் கீழே நான்கு விரற்கடைக்குள் கிடந்தது. பணிப்பெண் பிளாஸ்டிக் கோப்பையில் பழரசம் கொண்டுவந்து நீட்டினாள். வாங்கிக் குடித்துவிட்டுத் திரும்பிப் பார்ப்பதற்குள் கீழே இராமநாதபுரத்துக் கண்மாய்கள் மின்னின.

திருச்சியில் இறங்கும்போது சரியாக ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. அட்டவணை பொய் சொல்லவில்லை.

மீதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். குடிவரவு வரிசை, மத்திய பஸ் நிலையம், கோயம்புத்தூருக்கு ஆறு மணி நேர பஸ், அங்கே நள்ளிரவு முதல் விடியும்வரை ஒரு சிமெந்துப் பெஞ்சு, மேட்டுப்பாளையத்துக்கு முதல் பஸ், அங்கிருந்து வளைவு வளைவாகக் கோத்தகிரி மலை. பஸ் ஏற ஏறத் தேயிலை தென்பட்டது. மலைச்சரிவில் பெண்கள் கூடையை நெற்றிப் பட்டியில் மாட்டிக்கொண்டு நிரை பிடித்து நின்றார்கள். ஒரு கணம், கண்ணயர்ந்து பதுளைக்கே திரும்பி வந்துவிட்டேனோ என்று தோன்றியது. அக்காள் வீட்டு வாசலை மிதித்தபோது காலை ஒன்பது மணி. பசறையில் புறப்பட்டு நாற்பத்திரண்டு மணி நேரம். அதில் ஒரு மணி வானத்தில்.

கட்டிலில் சாய்ந்திருந்தாள். பதுளை மேடையில் விட்ட இருபத்தாறு வயதுப் பெண்ணை என் கண் தேடியது. அவளுடைய கண்ணும் இருபத்தொரு வயதுப் பையனைத்தான் தேடியிருக்கும். சிறிது நேரம் இருவரும் அந்நியரைப் போலப் பார்த்துக்கொண்டோம். பிறகு அவள், "ஒரு மணி நேரம்னாங்க, இவ்வளவு நேரமா வர்றே?" என்று கேட்டாள். அந்தக் குரலில் மாற்றமே இல்லை. பள்ளிக்கூடம் விட்டுத் தாமதமாக வந்தால் கேட்பாளே, அதே அதட்டல்.

பதினோரு நாட்கள் அங்கே இருந்தேன். லயத்துக்குப் பின்னாலிருந்த பலாமரம், பீலிக்கரை, மாரியம்மன் கோயில் வேப்பமரம், அம்மாவின் குழிமேட்டுக்கு யார் விளக்கு வைக்கிறார்கள் என்பது வரை ஒவ்வொன்றாக விசாரித்தாள். பலாமரம் 1986இல் விழுந்துவிட்டதென்று சொன்னபோது மட்டும் நான் பொய் சொல்வதாக நினைத்து என் முகத்தை உற்றுப் பார்த்தாள். குழவி அடுக்களையில் இருந்தது. கோத்தகிரியில் வாங்கிய அம்மிக்கும் அதற்கும் அளவு பொருந்தாமல், நாற்பத்து நான்கு வருடமாகக் கதவுக்கு அண்டைக் கல்லாக இருந்து வந்திருக்கிறது. அங்குள்ளவர்கள் இவர்களை இன்னமும் சிலோன்காரர் என்றே அழைத்தார்கள். இங்கே எங்களை இந்தியத் தமிழர் என்று பதிந்து வைத்திருந்தார்கள். அதைச் சொல்லி இருவரும் வயிறு நோகச் சிரித்தோம். மகள் ஓடிவந்து, அம்மாவுக்குச் சிரிப்பு ஆகாதென்று கடிந்துகொண்டாள்.

திரும்பும்போது, அடுத்த தை மாதம் வருவதாகச் சொன்னேன். 2017இலும் 2019இலும் போய் வந்தேன். இரண்டாம் முறை முப்பத்தெட்டு மணி நேரத்திற்குக் குறைத்தேன். அக்காள் அதையும் போதாதென்றாள்.

2020 மார்ச் மாதம் கொள்ளைநோயால் கட்டுநாயக்காவில் வரும் விமானங்களை நிறுத்தினார்கள். சில நாட்களுக்குள் இந்தியாவும் வெளிநாட்டு விமானங்களை நிறுத்தியது. ஜூன் மாதத்தில் ஒரு விடியற்காலையில் அக்காள் போய்விட்டாள். அன்று அட்டவணையைப் பார்த்தேன். ஏன் பார்த்தேன் என்று கேட்காதீர்கள். தூரம் 417 கிலோமீற்றர் என்றே இருந்தது. நேரத்துக்கு எதிரே ஒன்றும் இல்லை.

மகள் கைத்தொலைபேசியைத் தூக்கிப் பிடிக்க, கோத்தகிரி மயானத்தில் நடந்ததைப் பசறையில் திண்ணையில் இருந்தபடி பார்த்தேன். தந்திக்கு மூன்று நாள் பிடித்தது. இதற்கு ஒரு விநாடியும் பிடிக்கவில்லை. பத்துப் பேருக்கு மேல் அங்கே இல்லை. படம் நடுவே இரண்டு முறை உறைந்து நின்றது. இரண்டாம் முறை உறைந்தபோது, வாய்க்கரிசி போடும் கை ஒன்று அந்தரத்தில் நின்றுகொண்டிருந்தது. பக்கத்துக் காம்பராவிலிருந்து எழுந்து வந்த ஒரு கிழவி என் பின்னால் நின்று, தொலைபேசிக்குக் கேட்கும்படியாக ஒப்பாரி தொடங்கினாள். அங்கே அது கேட்டது என்று மகள் பிறகு சொன்னாள்.

போன வருடம் அக்காளின் பேரன் இங்கே வந்தான். கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் இருபத்தாறு வயதுப் பையன். தன் பாட்டி புறப்பட்ட இடத்தைப் பார்க்கவேண்டும் என்று வந்திருந்தான். பாம்பன் பாலத்தை ஜன்னலில் பார்க்கச் சொல்லி நான் முன்கூட்டியே எழுதியிருந்தேன், மேகம் மறைத்துவிட்டதாம். ஒரு பகலும் ஓர் இரவும் உருண்டு வந்து லயத்து வாசலில் இறங்கி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "தாத்தா, திருச்சியிலிருந்து கட்டுநாயக்கா கிட்டம், கட்டுநாயக்காவிலிருந்து பசறைதான் வெளிநாடு" என்றான். முகங்கழுவத் தண்ணீர் கொடுத்து, மூன்று காம்பரா தள்ளிக் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினேன். அங்கே இப்போது வேறொரு குடும்பம் இருக்கிறது. வாசலில் ஒரு பழைய அம்மி, குழவி இல்லாமல், துணி துவைக்கும் கல்லாகக் கிடக்கிறது. அது அவர்களுக்கு எங்கிருந்து வந்ததென்று அந்த வீட்டுப் பெண்ணுக்குத் தெரியாது. பையன் அதன்மேல் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றி, மணலைத் தட்டினான்.